போர்வெல் தண்ணீரில் ரேடானும் உலோகங்களும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் இப்பகுதியில், தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் வீட்டு டி.டி.எஸ். மீட்டரைப் பற்றி ஒரு வாசகருக்குப் பதில் எழுதியபோது, கருங்கல் பாறையைத் துளைத்து எடுக்கும் தண்ணீரில் ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் யுரேனியமும் இருக்கக்கூடும் என்றும், அவற்றை அந்த மீட்டர் காட்டாது என்றும் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றியே பெங்களூரிலிருந்து பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டு போர்வெல் 950 அடி ஆழம். காவிரி இணைப்புக்கு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். ஆர்.ஓ. இயந்திரத்தைச் சரிபார்க்க வந்தவர் மீட்டரை வைத்துப் பார்த்து, 480 காட்டுகிறது, நல்ல தண்ணீர்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கள் பதிலைப் படித்ததிலிருந்து என் மாமியார் அந்தத் தண்ணீரில் உலை வைக்கவே தயங்குகிறார். உண்மையிலேயே பயப்பட வேண்டுமா? – வாசகி, ஹொரமாவு

பதில்: அம்மா, இன்றைய சமையலை நிறுத்த வேண்டிய தேவை எதுவும் இல்லை என்று முதலில் உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள். ரேடானாயினும் யுரேனியமாயினும் அவற்றின் தீங்கு ஒரு வாரத்திலோ ஒரு மாதத்திலோ வருவதன்று. பல ஆண்டுகள் விடாமல் உடலுக்குள் போய்க்கொண்டே இருப்பதால் வருவது. முறையாகச் சோதித்துப் பார்த்து நிதானமாக முடிவெடுக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.

ஆனால் 480 என்ற எண்ணை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. அந்த மீட்டர், தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளந்து, மொத்தமாக எவ்வளவு உப்பு கரைந்திருக்கும் என்று கணித்துச் சொல்கிறது. அது காட்டுவது ஏறக்குறைய லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. அதில் பெரும் பங்கு கால்சியம், மக்னீசியம், சோடியம் போன்ற சாதாரண உப்புகளுடையது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, ஈயத்துக்கு வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், யுரேனியத்துக்கு 0.03 மில்லிகிராம். மீட்டரில் 480 என்பது 481 ஆக மாற ஒரு முழு மில்லிகிராம் கூட வேண்டும். உங்கள் தண்ணீரில் ஈயம் எல்லையைப் போல் ஐம்பது மடங்கு இருந்தாலும் அந்த எண் அசையாது. ரேடானோ உப்பே அன்று. மின்சாரத்தைக் கடத்தாத, நிறமும் மணமும் சுவையும் அற்ற ஒரு வாயு.

இந்த ஊரில் இதைப் பற்றி ஏன் பேச வேண்டியிருக்கிறது என்பதற்குக் காரணம் காலடியில் இருக்கிறது. பெங்களூர் அமைந்திருப்பது தீபகற்ப நைஸ் எனப்படும் மிகப் பழைய பாறையின் மேல். மேற்கே ராமநகரத்தில் நாம் பார்க்கும் குன்றுகள், அவ்வூரின் பழைய பெயரைக் கொண்டே குளோஸ்பேட்டை கருங்கல் என்று அழைக்கப்படுபவை. சுமார் 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. இவ்வகைப் பாறைகளில் யுரேனியம் இயற்கையாகவே மிகச் சிறிதளவு கலந்திருக்கிறது. அது மெல்ல மெல்லச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்து ரேடானாகிறது. பாறை விரிசல்களில் தேங்கி நிற்கும் நீரில் யுரேனியமும் கரைகிறது, ரேடானும் கரைகிறது. ஏரியிலோ ஆற்றிலோ ஓடும் நீரிலிருந்து ரேடான் காற்றோடு போய்விடும். காவிரித் தண்ணீரில் அதைத் தேட வேண்டியதில்லை. ஆயிரம் அடிக்குக் கீழே பாறைக்குள் அடைபட்ட நீரிலிருந்து அது வெளியேற வழியில்லை. இந்நகரின் சில போர்வெல்களில் லிட்டருக்கு 100 பெக்கரலுக்கு மேல் ரேடான் பதிவாகியிருக்கிறது. ஒரு நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல்.

நீங்கள் ஆய்வகத்தில் கேட்க வேண்டியவை மூன்று தனித்தனிச் சோதனைகள்: வழக்கமான குடிநீர்ச் சோதனை, யுரேனியம் உள்ளிட்ட உலோகங்களின் சோதனை, ரேடான் சோதனை. முதல் சோதனையில் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் அடங்கியுள்ளனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; கருங்கல் நிலத்தில் ஃபுளோரைடு பெரும்பாலும் உடன்வரும் விருந்தாளி. "முழுச் சோதனை" என்று விளம்பரம் செய்யும் தொகுப்புகள் பலவற்றில் யுரேனியம் இருப்பதில்லை. ரேடான் அநேகமாக எதிலும் இருப்பதில்லை. ஆய்வகத்துக்கு, ஆய்வகங்களின் தகுதியைச் சோதித்து அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உண்டா என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அந்த அங்கீகாரம் தண்ணீரில் யுரேனியம் அளப்பதற்கும் உண்டா என்று கேளுங்கள். அங்கீகாரம் ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாக வழங்கப்படுவது. இனிப்பில் கலப்படம் பார்க்க அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் யுரேனியம் பார்க்கவும் தகுதி பெற்றது என்று பொருளில்லை.

கேள்வி: நாங்கள் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் போர்வெல் நீரைப் பிடித்து, ஊரிலிருந்து அண்ணன் வந்த பிறகு அவர் மூலம் ஆய்வகத்துக்குக் கொடுத்தனுப்பினோம். பிடித்ததற்கும் சோதித்ததற்கும் நடுவே ஏழு நாள் ஆகிவிட்டது. ரேடான் 84 பெக்கரல் என்று அறிக்கை வந்திருக்கிறது. ஐரோப்பாவில் எல்லை 100 என்று படித்தேன். அப்படியானால் நாங்கள் தப்பித்தோம் என்று கொள்ளலாமா? – வாசகர், விவேக் நகர்

பதில்: தம்பி, அந்த அறிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடியும் மாதிரி எடுங்கள் என்பதே என் பதில். அதில் உள்ள எண் உங்கள் போர்வெல்லின் எண் அன்று. ஏழு நாள் பழைய பாட்டிலின் எண்.

ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள். அதாவது, எவ்வளவு இருந்தாலும் 3.8 நாளில் பாதியாகிவிடும், அடுத்த 3.8 நாளில் அந்தப் பாதியும் பாதியாகும். ஏழு நாள் கழித்து எஞ்சியிருப்பது கால் பங்கை விடச் சற்றே அதிகம், நூற்றுக்கு 28. உங்கள் 84ஐ அந்தக் கணக்கில் பின்னோக்கி ஓட்டினால், பிடித்த அன்று 300 பெக்கரல் இருந்திருக்க வேண்டும். நல்ல ஆய்வகமாயின், மாதிரி எடுத்த நாளையும் மணியையும் கேட்டு இந்தத் திருத்தத்தைச் செய்தே அறிக்கை தரும்; உங்கள் அறிக்கையில் மாதிரி எடுத்த நேரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே திருத்தினாலும் 300ஐ நான் நம்ப மாட்டேன். பாட்டிலில் பிடிக்கும்போதே எவ்வளவு போனது, பிளாஸ்டிக் சுவர் வழியாக எவ்வளவு கசிந்தது என்பதை எந்தக் கணக்காலும் மீட்க முடியாது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்குப் போய், குழாயை முழுதாகத் திறந்து, நுரை பொங்க ஒரு பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தேன். எனக்கு மூத்த ஆய்வாளர் அந்தப் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கழுத்தருகே பட்டாணி அளவு ஒரு காற்றுக் குமிழி இருந்தது. "நீ தேடிப் போன ரேடானில் பாதியை அந்த வீட்டுச் சமையலறையிலேயே விட்டுவிட்டு வந்தாய், மீதியில் கொஞ்சம் இந்தக் குமிழிக்குள் இருக்கிறது" என்றார். அன்று மாலையே திரும்பப் போய் மறுபடியும் எடுத்தேன். அதன் பிறகு நான் செய்துவரும் முறை இதுதான்.

மேல்நிலைத் தொட்டிக் குழாயில் மாதிரி எடுக்காதீர்கள். மோட்டாரிலிருந்து நேரே வரும் குழாயில், சம்ப் எனப்படும் தரைக்கீழ்த் தொட்டியில் விழுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். குழாய் வாயில் சல்லடை போன்ற மூடி இருந்தால் கழற்றிவிடுங்கள். அது தண்ணீரோடு காற்றைக் கலக்கும். மோட்டாரைப் போட்டுக் குறைந்தது பதினைந்து நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். குழாயில் கிடந்த பழைய நீர் போய், பாறையிலிருந்து புதிதாக வரும் நீர் உங்களுக்கு வேண்டும். பிறகு ஓட்டத்தை மெல்லிய இழையாகக் குறைத்து, ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையை ஒரு வாளியின் அடியில் வையுங்கள். வாளி மெதுவாக, சலசலப்பில்லாமல் நிரம்பட்டும். ஆய்வகம் தந்த கண்ணாடிக் குப்பியை அந்த வாளி நீருக்குள்ளேயே முழுதாக அமிழ்த்தி, குழாய் முனையைக் குப்பியின் அடிவரை விட்டு, குப்பியில் உள்ள நீர் சில தடவை மாறும்வரை நிரப்பி, நீருக்குள் இருக்கும்போதே மூடியைத் திருகி மூடுங்கள். வெளியே எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கடுகளவு குமிழி தெரிந்தாலும் கொட்டிவிட்டு மறுபடியும் நிரப்புங்கள். இரண்டு குப்பிகள் எடுப்பது நல்லது. இரண்டின் முடிவும் நெருங்கி வந்தால்தான் எடுத்த முறை சரி என்று தெரியும். குப்பியின் மேல் நாளும் மணியும் எழுதி, குளிர்ச்சியான பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்ப்பித்துவிடுங்கள்.

எங்கே சேர்ப்பது என்பது அடுத்த சிக்கல். வணிக ஆய்வகங்கள் பலவற்றில் ரேடான் கருவி இல்லை. சில பல்கலைக்கழக இயற்பியல் துறைகளில் ரேடான் அளவி இருக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய உள்நாட்டுக் கருவிகளும் பயன்பாட்டில் உள்ளன. முதலில் தொலைபேசியில் பேசி, குப்பியையும் அவர்களிடமே வாங்கி, அவர்கள் அளக்க ஆயத்தமாக இருக்கும் நாளில் மாதிரி எடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை எடுத்த மாதிரி திங்கட்கிழமை வரை காத்திருந்தால் ஏறக்குறைய நூற்றுக்கு 40 போய்விடும்.

கேள்வி: ரேடான் இருக்கும் தண்ணீரைக் குடிப்பதுதான் கெடுதலா, குளிப்பதும் கெடுதலா? எங்கள் குளியலறை மிகச் சிறியது. கீசர் போட்டால் ஆவியால் நிரம்பிவிடும். வீட்டில் ஆஸ்துமா உள்ள பையன் இருக்கிறான். – வாசகி, லிங்கராஜபுரம்

பதில்: நீங்கள் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள், அம்மா. ரேடானைப் பொறுத்தவரை குடிப்பதை விட மூச்சில் இழுப்பதே பெரிய வழி. 1999இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு வெளியிட்ட மதிப்பீட்டில், குடிநீரிலுள்ள ரேடானால் வரக்கூடிய புற்றுநோய் இறப்புகளில் நூற்றுக்கு 89 நுரையீரல் புற்றுநோய் என்றும், எஞ்சிய 11 வயிற்றுப் புற்றுநோய் என்றும் கணக்கிட்டார்கள். நீர் தெறிக்கும்போதும் சூடாகும்போதும் ரேடான் காற்றுக்கு வந்துவிடுகிறது. ஷவரும் கீசரும் அதை எளிதாக்குகின்றன.

எனினும் அளவைப் பார்க்க வேண்டும். வழக்கமாகச் சொல்லப்படும் கணக்குப்படி, தண்ணீரிலுள்ள ரேடானில் பத்தாயிரத்தில் ஒரு பங்கே வீட்டுக் காற்றில் சராசரியாகச் சேர்கிறது. லிட்டருக்கு 300 பெக்கரல் உள்ள தண்ணீர், வீட்டுக் காற்றில் கன மீட்டருக்கு ஏறக்குறைய 30 பெக்கரலைச் சேர்க்கும். வீட்டுக் காற்றுக்கு உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் அளவு கன மீட்டருக்கு 100. பெரும்பாலான வீடுகளில் தண்ணீரிலிருந்து வருவதை விடத் தரைக்கு அடியிலுள்ள மண்ணிலிருந்து வரும் ரேடானே அதிகம். ஆனால் சராசரி என்பது வீடு முழுவதற்கும் உரியது. கதவடைத்த சிறு குளியலறையில், குளிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் அளவு அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். புகையை வெளியேற்றும் விசிறி ஒன்றைச் சுவரில் பொருத்தி, குளிக்கத் தொடங்குமுன் போட்டு, குளித்து முடித்த பிறகும் சற்று நேரம் ஓடவிடுங்கள். உங்கள் மகனின் ஆஸ்துமாவுக்கு ரேடான் காரணமன்று. ஆனால் அந்த ஈரக் காற்று வெளியேறுவது அவனுக்கும் நல்லதே. வீட்டில் யாரேனும் புகைபிடிப்பவராக இருந்தால், அதை நிறுத்துவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை: புகையும் ரேடானும் ஒரே நுரையீரலில் சேரும்போது ஆபத்து மிகவும் கூடுகிறது.

ரேடானைத் தண்ணீரிலிருந்து எடுக்க ஆர்.ஓ. உதவாது, வாயு அதிலுள்ள வடிகட்டும் சவ்வைக் கடந்து போய்விடும். நீரைக் காற்றோடு நன்றாகக் கலக்கவிடுவதே வழி. போர்வெல் நீர் ஒரு திறந்தவெளித் தொட்டியில் உயரத்திலிருந்து தூவலாக விழுந்து, அங்கிருந்து மேலே ஏறினாலே பெரும்பகுதி போய்விடும். முறையாக அமைத்த காற்றூட்டும் கருவி நூற்றுக்கு 95க்கு மேல் நீக்கும். தொட்டி வீட்டுக்குள்ளோ மூடிய அறையிலோ இருக்கக் கூடாது என்பதை மட்டும் மறவாதீர்கள். கொதிக்க வைத்தாலும் ரேடான் போகும். ஆனால் அது போவது உங்கள் சமையலறைக்குள். சன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு பீன்யா தொழிற்பேட்டைக்கு அருகில் உள்ளது. போர்வெல் தண்ணீரை வெள்ளை வாளியில் பிடித்தால் இலேசான மஞ்சள் தெரிகிறது. இரும்புதான், ஒன்றும் இல்லை என்கிறார்கள். எதைச் சோதிக்க வேண்டும்? – வாசகர், தாசரஹள்ளி

பதில்: உங்கள் இடத்தில் நான் இருந்தால் முடிவு தெரியும்வரை அந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ மாட்டேன். மேலே ஹொரமாவு வாசகிக்குச் சொன்ன நிதானம் உங்களுக்குப் பொருந்தாது. பீன்யாவில் முலாம் பூசும் பட்டறைகள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. அப்பகுதி நிலத்தடி நீரில், குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவமான ஆறிணைதிறன் குரோமியம் கலந்திருப்பது அரசு நிறுவனங்களின் ஆய்வுகளிலேயே பதிவான செய்தி. இரும்பு கலந்த நீர் பிடிக்கும்போது பெரும்பாலும் தெளிவாக இருந்து, காற்றுப் பட்டுச் சிறிது நேரத்தில் பழுப்பாகி அடியில் துருப்போல் படியும். பிடித்த உடனேயே மஞ்சளாக, படியாமல், தெளிந்த மஞ்சளாகவே நிற்குமானால் குரோமியத்தைச் சந்தேகிக்க வேண்டும். இது அடையாளம் மட்டுமே, சோதனை அன்று. கண்ணுக்கு நிறம் தெரியாத அளவிலேயே குரோமியம் எல்லையைத் தாண்டியிருக்கக்கூடும், ஐ.எஸ். 10500இல் மொத்தக் குரோமியத்துக்கு எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்.

இரண்டு மாதிரிகள் கொடுங்கள். மொத்த உலோகங்களுக்கான பாட்டிலில் ஆய்வகமே சில துளி நைட்ரிக் அமிலம் விட்டுத் தரும். உலோகங்கள் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு கணக்கிலிருந்து மறைந்துவிடாமல் இருக்க அது வேண்டும். அந்தப் பாட்டிலைக் கழுவக் கூடாது, வழியவிடக் கூடாது. ஆறிணைதிறன் குரோமியத்துக்கு உரிய பாட்டிலில் அந்த அமிலம் இருக்கக் கூடாது. அமிலம் பட்டால் அது வேறு வகைக் குரோமியமாக மாறிவிடும். அதைக் குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதிக்கச் சொல்ல வேண்டும். தண்ணீர் கலங்கலாக இருந்தால், வடிகட்டியது ஒன்றும் வடிகட்டாதது ஒன்றும் எனத் தனித்தனியே பார்க்கச் சொல்லுங்கள். இல்லையேல் மண் துகளில் ஒட்டிய உலோகத்தையும் அமிலம் கரைத்து, நீரில் கரைந்ததாகவே காட்டிவிடும். குரோமியம், ஈயம், காட்மியம், நிக்கல், ஆர்செனிக், பாதரசம் ஆகிய ஆறையும் எழுதிக் கொடுங்கள். முடிவு எல்லையைத் தாண்டினால் அறிக்கையின் நகலோடு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். உங்கள் கிணற்றில் வந்தது பக்கத்து வீட்டுக் கிணற்றிலும் இருக்கும்.

கேள்வி: யுரேனியம் லிட்டருக்கு 41 மைக்ரோகிராம் என்று அறிக்கை வந்துள்ளது. ஓர் உறவினர் 60 வரை பரவாயில்லை என்கிறார், இன்னொருவர் 30க்கு மேல் விஷம் என்கிறார். அம்மாவுக்குச் சிறுநீரகத்தில் ஏற்கனவே குறைபாடு உண்டு. கொதிக்க வைத்துக் குடித்தால் போதுமா? வீட்டில் கடினநீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் இருக்கிறது. – வாசகர், கே.ஆர். புரம்

பதில்: இரண்டு உறவினர்களும் உண்மையான எண்களையே சொல்கிறார்கள். (ஆயிரம் மைக்ரோகிராம் ஒரு மில்லிகிராம்.) 60 என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கதிரியக்கத்தைக் கருதி வகுத்த எல்லை. 30 என்பது உலக சுகாதார அமைப்பு, யுரேனியம் ஒரு கன உலோகமாகச் சிறுநீரகத்தைத் தாக்குவதைக் கருதி வகுத்த எல்லை. நம் குடிநீர்த் தரமும் இப்போது அதையே ஏற்றுள்ளது. யுரேனியம் என்றாலே கதிரியக்கம் என்று பயப்படுகிறோம். ஆனால் குடிநீரில் இருக்கும் அளவில் அதன் கதிரியக்கத்தை விட அதன் வேதித் தன்மையே முதலில் கவலைக்குரியது. ஆகவே உங்கள் அம்மாவுக்குப் பொருந்துவது 30தான். அவருக்கு இந்த நீரைக் குடிக்கவும் சமைக்கவும் கொடுக்காதீர்கள். மருத்துவரிடமும் இந்த அறிக்கையைக் காட்டுங்கள். குளிக்கவும் துணி துவைக்கவும் தடையில்லை. தோல் வழியாக யுரேனியம் உடலுக்குள் போவதில்லை என்றே கொள்ளலாம்.

கொதிக்க வைப்பது இதற்கு நேர் எதிரான பலனைத் தரும். நீர் ஆவியாகும், யுரேனியம் ஆவியாகாது. ஒரு லிட்டர் முக்கால் லிட்டராகச் சுண்டினால் 41 என்பது 55 ஆகிவிடும். ஈயத்துக்கும் ஆர்செனிக்குக்கும் இதே விதி. செப்புக் குடத்தில் ஊற்றி வைப்பதாலும் இவை குறையா. சாஃப்ட்னரையும் நம்பாதீர்கள். இங்குள்ள நீரில் யுரேனியம் பெரும்பாலும் கார்பனேட்டோடு இணைந்து எதிர்மின் தன்மையோடு இருக்கிறது. சாஃப்ட்னரில் உள்ள பிசின், கால்சியம் போன்ற நேர்மின் தன்மை உள்ளவற்றையே பிடிக்கும். புறஊதாக் கதிர் விளக்கு கிருமிகளைக் கொல்லும், அவ்வளவே.

உதவக்கூடியது ஆர்.ஓ. தான். சவ்வு நல்ல நிலையில் இருந்தால் யுரேனியத்தில் நூற்றுக்கு 90க்கு மேல் நீக்கிவிடும். "நல்ல நிலையில்" என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன்: இயந்திரம் பொருத்திய பிறகு அதிலிருந்து வரும் நீரையும் ஒரு முறை ஆய்வகத்தில் யுரேனியத்துக்குச் சோதியுங்கள். பல இயந்திரங்களில் சுவைக்காகச் சுத்திகரிக்கப்படாத பச்சைத் தண்ணீரைச் சிறிது திரும்பக் கலக்கும் திருகு ஒன்று இருக்கும். அதை மூடச் சொல்லுங்கள், அந்த வழியாக யுரேனியமும் திரும்ப வரும். கழிவாகப் போகும் நீரில் அது செறிந்திருக்கும். மூன்று லிட்டரில் ஒரு லிட்டர் நல்ல நீரும் இரண்டு லிட்டர் கழிவும் எனப் பிரிந்தால், உங்கள் கழிவு நீரில் ஏறக்குறைய 60 மைக்ரோகிராம் இருக்கும். தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துங்கள். கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

கேள்வி: நாங்கள் அறுபது வீடுகள் கொண்ட அடுக்ககம். போர்வெல் நீரும் டேங்கர் நீரும் ஒரே சம்ப்பில் கலக்கின்றன. எந்த இடத்தில் மாதிரி எடுப்பது? – சங்கச் செயலாளர், ஒயிட்ஃபீல்டு

பதில்: மூன்று இடங்களில் எடுங்கள்: போர்வெல் வாயில், டேங்கர் குழாயில், ஏதேனும் ஒரு வீட்டுச் சமையலறைக் குழாயில். சமையலறையில் மட்டும் எடுத்தால் எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. டேங்கர் நீர் யாருடைய போர்வெல்லிலிருந்து வருகிறது என்பது மாதத்துக்கு மாதம் மாறும். ஒரு முறை சோதித்து நிம்மதி அடைய முடியாத நீர் அது. ரேடானைப் பொறுத்தவரை நீங்கள் கொஞ்சம் பேறு பெற்றவர்கள். சம்ப்பில் விழுந்து மேல்தொட்டிக்கு ஏறி இறங்கும் வழியிலேயே பெரும்பகுதி கழிந்துவிடும். சம்ப்பைச் சுத்தம் செய்ய உள்ளே இறங்கும் ஆட்களுக்காக, இறங்குவதற்கு முன் நன்றாகக் காற்றோட்டம் கொடுங்கள். அங்கே உடனடி ஆபத்து ரேடான் அன்று, மூச்சுத் திணறல்.

கேள்வி: மகள் பேறுகாலத்துக்கு எங்களிடம் வந்திருக்கிறாள். காலையில் முதலில் குழாயைத் திறந்து பிடிக்கும் நீரில் ஈயம் இருக்கும் என்று ஒருவர் சொன்னார். குழாயெல்லாம் பி.வி.சி.தான், ஈயக் குழாய் எதுவும் இல்லையே? – வாசகி, அல்சூர்

பதில்: அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது, அம்மா. நம் நாட்டில் பி.வி.சி. குழாய்கள் வெயிலுக்கும் வெப்பத்துக்கும் தாங்குவதற்காக நெடுங்காலம் ஈய உப்புகளைக் கலந்தே செய்யப்பட்டன. அதைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2021இல்தான் வந்தன. பித்தளைக் குழாய்முனைகளிலும் ஈயம் உண்டு. இரவு முழுவதும் அசையாமல் நின்ற நீர் அதைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்ளும். நிலத்தடியிலிருந்து வரும் ரேடானுக்கு நீரை ஓடவிட்டு மாதிரி எடுக்கச் சொன்னேன். ஈயத்துக்கு அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். இரவு பத்து மணிக்குப் பிறகு சமையலறைக் குழாயை யாரும் திறக்காமல் இருந்து, விடியற்காலையில் வரும் முதல் லிட்டரை ஒரு சொட்டும் சிந்தாமல் பிடியுங்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு இரண்டாவது லிட்டரைப் பிடியுங்கள். முதலாவதில் அதிகமாகவும் இரண்டாவதில் குறைவாகவும் வந்தால் குற்றம் குழாயில் இருக்கிறது. இரண்டிலும் ஒன்றுபோல் வந்தால் தண்ணீர் வரும் மூலத்தில் இருக்கிறது.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் குழந்தைகளுக்குக் கிடையாது. முடிவு வரும்வரை காலையில் முதல் குடம் தண்ணீரைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொண்டு, அதன் பிறகு வருவதை மகளுக்குக் குடிக்கக் கொடுங்கள். குழந்தை பிறந்து, புட்டிப் பால் கலக்க நேர்ந்தால், நைட்ரேட் அளவையும் அதற்குள் பார்த்துவிடுங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்த நீரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. கொதிக்க வைத்தும் கொடுக்கக் கூடாது.